மினியேச்சர் உருவங்களுக்கு வண்ணம் தீட்டுதல்: கேள்வி பதில்

கேள்வி: சில சென்டிமீட்டர் உயரமே உள்ள பொம்மை உருவங்களுக்கு வண்ணம் தீட்ட இப்போதுதான் தொடங்குகிறேன். மிகச் சிறிய தூரிகைகளையே வாங்க வேண்டும் என்கிறார்களே, சரியா?

பதில்: சரியன்று. 000 எண்ணுள்ள தூரிகை மிகக் குறைந்த வண்ணத்தையே ஏந்தும் என்பதால், அது உருவத்தைத் தொடுவதற்குள் நுனியிலேயே உலர்ந்துவிடும். நுனி கூராகச் சேரும் 1 அல்லது 2 எண் கோலின்ஸ்கி தூரிகை (சைபீரிய வீசல் என்ற விலங்கின் வால்முடியால் ஆனது) ஒன்று இருந்தால், மேலங்கி முதல் கண்ணிமை வரை அதனாலேயே தீட்டிவிடலாம். வண்ணம் தூரிகையின் உலோகக் கழுத்துக்குள் ஏறாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே உலர்ந்தால் நுனி பிளந்துவிடும்.

கேள்வி: 28 மி.மீ. போர்வீரன் ஒருவனைக் கோடு தாண்டாமல் தீட்டி முடித்தேன். கையில் இருக்கும்போது நன்றாகத் தெரிகிறான். அலமாரியில் வைத்தால் மங்கிப்போகிறான். காரணம் என்ன?

பதில்: இந்தக் கலையின் மையமே இந்தக் கேள்விதான். மனிதர் அணியும் ஆடையின் மடிப்புகள் ஆழமானவை. அறை வெளிச்சமே அவற்றில் நிழல் விழச் செய்துவிடும். உங்கள் வீரனின் மேலங்கி மடிப்போ ஒரு மில்லிமீட்டர் ஆழம்கூட இருக்காது. ஆகவே விழாத நிழலையும் படாத ஒளியையும் நாமேதான் தீட்ட வேண்டும்.

முதலில் ஒளி எங்கிருந்து வருகிறது என்று முடிவு செய்யுங்கள். கறுப்பு பிரைமர் (வண்ணம் நன்கு பிடிக்க முதலில் பூசும் அடிப்பூச்சு) அடித்து, அது உலர்ந்தபின் மேலிருந்து சாய்வாக வெள்ளையை மெல்லத் தெளித்துப் படம் எடுத்து வைத்துக்கொண்டால், எது ஒளி, எது நிழல் என்பதற்கு அந்தப் படமே வழிகாட்டியாகும். சிவப்பு மேலங்கி என்றால், நிழலுக்குக் கறுப்பைக் கலக்காமல் சிறிது அடர்பச்சையைக் கலந்து பாருங்கள். சிவப்பு ஆழமாகும், அழுக்காகாது. மேட்டுப் பகுதிகளுக்கு வெறும் வெள்ளையைக் கலந்தால் இளஞ்சிவப்பாகிவிடும்; ஆரஞ்சோ தோல் நிறமோ கலப்பதே நல்லது. முடித்தபின் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுங்கள். அங்கி, இடைவார், முகம் மூன்றும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் வேலை இன்னும் முடியவில்லை என்று பொருள். கையில் வைத்துப் பார்க்கையில் ‘சற்று அதிகமாகிவிட்டதோ’ என்று தோன்றும் அளவே, பெரும்பாலும் அலமாரியில் சரியாகத் தெரியும்.

கேள்வி: 54 மி.மீ. உருவத்தின் கண்கள் எப்போதும் மிரண்டு விழிப்பவைபோல் அமைகின்றனவே?

பதில்: கருவிழியின் வட்டம் முழுவதும் தெரிவதால்தான். அதன் மேல்பகுதி இமைக்குள் மறைந்திருக்க வேண்டும். கண்குழி முழுவதையும் அடர்பழுப்பால் நிரப்பி, அந்தப் பழுப்பு விளிம்பாக எஞ்சும்படி உள்ளே சாம்பல் கலந்த வெள்ளையைத் தீட்டுங்கள். தூய வெள்ளை வேண்டாம். மேல் இமைக்கோடு கீழ்க்கோட்டைவிட அழுத்தமாக இருக்கட்டும். முகத்தில் கண்களையே முதலில் தீட்டினால், பிசகியதைத் தோல் நிறத்தால் திருத்திக்கொள்ளலாம்.

கேள்வி: வீட்டிலிருக்கும் பழைய ஈய வீரர்கள் மீது வெண்மையான தூள் படிகிறது. துடைத்துவிட்டுப் புதிதாக வண்ணம் பூசலாமா?

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். அது பெரும்பாலும் ஈயக் கார்பனேட், நச்சுப்பொருள். ஓக் மரமும் சில மரப் பலகைகளும் வெளியிடும் அசிட்டிக் அமில ஆவி ஈயத்தை அரிப்பதால் உண்டாவது. கையுறை அணிந்து, தூளைக் கிளப்பாமல், உருவங்களை உலோகமும் கண்ணாடியுமான அலமாரிக்கு மாற்றுங்கள். குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். இங்கிலாந்தின் பொம்மை நிறுவனமான வில்லியம் பிரிட்டன் 1893 முதல் உள்ளீடற்றதாக வார்த்த ஈய வீரர்களைப் போன்றவை என்றால், உரிந்திருந்தாலும் மூல வண்ணத்தையே சேகரிப்பாளர்கள் மதிப்பார்கள்.

கேள்வி: வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அருகிலுள்ளவை தெளிவாகத் தெரியவில்லை. விட்டுவிட வேண்டியதுதானா?

பதில்: வேண்டியதில்லை. கண்களைப் பரிசோதித்துக்கொண்டு, தலையில் மாட்டும் உருப்பெருக்கி ஒன்றை வாங்குங்கள். இரண்டு மடங்கு பெரிதாகக் காட்டினாலே போதும். அதற்கு மேல் போனால் பார்வைப்பரப்பு குறுகி, கழுத்துதான் வலிக்கும். பகல் வெளிச்சத்தை ஒத்த, 5000 முதல் 6500 கெல்வின் வரையிலான விளக்கை இருபுறமும் வைத்து, முழங்கைகளை மேசையில் ஊன்றி, இரு மணிக்கட்டுகளையும் ஒன்றோடொன்று சேர்த்துக்கொண்டால் நடுக்கம் பெரிதும் குறையும். 75 மி.மீ. உருவங்களுக்கும் மார்பளவுச் சிலைகளுக்கும் மாறலாம். அதை இறக்கமாக எண்ண வேண்டாம். பரந்த கன்னத்தில் நிறங்களைத் தடம் தெரியாமல் இணைப்பது, சிறிய முகத்தில் இரண்டு புள்ளி வைப்பதைவிடக் கடினம். மெதுவாக உலரும் எண்ணெய் வண்ணம் அங்கே கைகொடுக்கும்.

கேள்வி: நுனியைக் கூராக்கத் தூரிகையை நாவில் தொடலாமா?

பதில்: கூடாது. சில நிறமிகளில் காட்மியமும் கோபால்ட்டும் உண்டு. ஈரத் துணியில் உருட்டி எடுங்கள்.

கேள்வி: தீட்டாத உருவங்கள் பெட்டி பெட்டியாகச் சேர்ந்துவிட்டன. பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது.

பதில்: வாங்குவது ஒரு பொழுதுபோக்கு, தீட்டுவது வேறொரு பொழுதுபோக்கு, இரண்டையும் ஒரே கணக்கில் எழுதுவதால்தான் மலைப்பு. பெட்டிகளைக் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட்டு, அடுத்துத் தீட்டப்போகும் மூன்று உருவங்களுக்கு மட்டும் பிரைமர் அடியுங்கள். ஒன்று கையில், ஒன்று உலர்வதற்கு, ஒன்று அலுப்பு வரும்போது மாற்றிக்கொள்ள.