கர்ப்பகாலக் காய்ச்சலும் பிள்ளையின் மூளையும்: வாசகர் கேள்விகள்

செந்தூல், கோலாலம்பூர் வாசகி: எனக்கு இப்போது 14 வாரம். ஒன்பதாவது வாரத்தில் சளிக்காய்ச்சல் கண்டு, மூன்று நாள் 39 டிகிரி வரை அடித்தது. மாத்திரை ஆகாது என்று மாமியார் சொன்னதால் பொறுத்துக்கொண்டேன். காய்ச்சல் வந்தால் பிள்ளைக்கு ஆட்டிசம் வரும் என்று படித்ததிலிருந்து தூக்கமே இல்லை.

இப்படிக் காய்ச்சல் கண்ட தாய்மாரில் மிகப் பெரும்பாலோருக்கு நல்ல பிள்ளைகள்தான் பிறக்கின்றன. முதலில் அதை மனத்தில் வையுங்கள்.

சாதாரண ஃப்ளூ கிருமி பெரும்பாலும் கருவை எட்டுவதில்லை. கருவைத் தொடுவது தாயின் உடல் அந்தக் கிருமியோடு போடும் சண்டை. அப்போது ரத்தத்தில் இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் புரதங்கள் பெருகுகின்றன, நச்சுக்கொடியும் அதற்கு எதிர்வினை காட்டுகிறது. எலிகளில் இதைத் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள். உயிருள்ள கிருமியே இல்லாமல், வைரஸைப் போல் நடிக்கும் ஒரு பொருளை ஊசியில் ஏற்றினாலே போதும்: குட்டிகள் பிற எலிகளோடு ஒட்டாமல், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தன. இன்டர்லூக்கின்-6ஐத் தடுத்தபோது அந்த மாற்றங்கள் பெரும்பாலும் வரவில்லை. எலிக்கு நடந்தது அப்படியே மனிதருக்கும் நடக்கும் என்று இதற்கு அர்த்தமில்லை.

மனிதரில், டென்மார்க்கில் 1980 முதல் 2005 வரை பிறந்த பிள்ளைகளின் பதிவேடுகளை ஆராய்ந்தார்கள். தாய்க்கு ஏதோ ஒரு தொற்று வந்தது என்பதற்கும் ஆட்டிசத்துக்கும் பொதுவாகத் தொடர்பு தெரியவில்லை. முதல் மூன்று மாதத்தில் வைரஸ் தொற்றாலோ, அடுத்த மூன்று மாதத்தில் பாக்டீரியா தொற்றாலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களிடம் மட்டும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. நீங்கள் வீட்டிலேயே மூன்று நாளில் தேறியவர்.

மாமியார் அக்கறையில்தான் சொன்னார், ஆனால் தணிக்காத காய்ச்சல்தான் பெரிய சிக்கல். கலிஃபோர்னிய ஆய்வு ஒன்றில் காய்ச்சலுக்கும் ஆட்டிசத்துக்கும் காணப்பட்ட தொடர்பு, மருந்து எடுத்துக்கொண்ட தாய்மாரிடம் மங்கியது. காய்ச்சல் மாத்திரையான பாராசிட்டமாலே ஆட்டிசம் தரும் என்ற பயத்துக்கு, 2024இல் ஸ்வீடனில் ஏறத்தாழ 25 லட்சம் பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வு பதில் தந்தது: உடன்பிறந்தவர்களை ஒப்பிட்டபோது மாத்திரைக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இல்லை.

அடுத்த முறை 38 டிகிரியைத் தொட்டால் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரை ஒன்று அல்லது இரண்டு. அடுத்த வேளைக்குக் குறைந்தது நான்கு மணி நேரம் போகட்டும். 24 மணி நேரத்தில் எட்டுக்கு மேல் வேண்டாம். கடையில் வாங்கும் சளி மருந்திலும் பாராசிட்டமால் இருக்கலாம், உறையைப் படியுங்கள். பலர் தவறுவது இங்கேதான். இபுபுரோஃபென், ஆஸ்பிரின் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்: டிங்கியாக இருந்தால் ரத்தக்கசிவைக் கூட்டும். டிங்கி உள்ள ஊர் நம்முடையது, ஆகவே இரண்டாம் நாளும் காய்ச்சல் நீடித்தால் கிளினிக்கில் ரத்த அணுக்களை எண்ணிப் பாருங்கள். காய்ச்சல் இறங்கிய பிறகும் வயிற்றுவலியோ ஓயாத வாந்தியோ இருந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். டிங்கியில் ஆபத்தான நேரம் அதுதான்.

வந்துபோன காய்ச்சலை உங்கள் கர்ப்பகாலப் பதிவேடான பிங்க் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். பிள்ளை 12 மாதத்தில் பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா, 18 மாதத்தில் விரலால் சுட்டிக் காட்டுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பட்டர்வொர்த் வாசகி: பாலர் பள்ளி ஆசிரியை நான், இரண்டு மாத கர்ப்பம். பிள்ளைகளின் எச்சில் ஆபத்தா?

எச்சில் வழியே பரவும் சைட்டோமெகலோ வைரஸ் உண்மையில் கவனிக்க வேண்டியது, ஏனென்றால் இது கருவையே எட்டும். பிள்ளையின் காது கேட்கும் திறனையும் மூளை வளர்ச்சியையும் பாதிக்கலாம். தாய்க்கோ பெரும்பாலும் அறிகுறியே இராது. சின்னப் பிள்ளைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் பல மாதம் இருக்கும். டயப்பர் மாற்றியதும் மூக்கு துடைத்ததும் சோப்புப் போட்டு 20 வினாடி கை கழுவுங்கள். அவர்கள் மிச்சம் வைத்ததைச் சாப்பிடாதீர்கள், கரண்டியைப் பகிராதீர்கள், முத்தம் நெற்றியில் மட்டும் கொடுங்கள். வேலையை விட வேண்டியதில்லை. சந்தேகம் இருந்தால் குழந்தை பிறந்த 21 நாளுக்குள் அதன் எச்சில் அல்லது சிறுநீரைச் சோதிக்க வேண்டும். அதற்குப் பிறகு, கருவிலேயே வந்ததா, பிறந்தபின் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

பாயான் லெப்பாஸ், பினாங்கு வாசகர்: ரூபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) எதிர்ப்புச் சக்தி இல்லை என்று மனைவியின் பரிசோதனையில் வந்தது. இப்போது ஊசி போடலாமா?

கர்ப்பத்தில் கூடாது, அது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரித்த ஊசி. பிரசவம் ஆனதும் போடலாம், தாய்ப்பால் கொடுப்பதற்குத் தடையில்லை. பிறகு ஒரு மாதம் கருத்தரிக்காமல் இருக்க வேண்டும். அதுவரை உடலில் தடிப்போடு காய்ச்சல் உள்ள யார் பக்கத்திலும் அவரை விடாதீர்கள். ஃப்ளூ ஊசி வேறு: அதில் உயிருள்ள கிருமி இல்லை, எந்த மாதத்திலும் போடலாம்.