மூச்சை ஊதியே நுரையீரல் புற்றுநோயை முன்கூட்டிக் காட்டும் கையடக்கக் கருவியை நம்பி வாங்கலாமா?

தங்கள் தந்தைக்கு வயது 58 என்றும், இருபத்தைந்து ஆண்டுகளாக நாளொன்றுக்கு ஒரு பாக்கெட் சிகரெட் புகைக்கிறார் என்றும், இணையத்தில் விளம்பரமாகும் மூச்சுக் கருவி ஒன்றை அவருக்கு வாங்கித் தரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாங்க வேண்டாம் என்பதே என் பதில். நான் மருத்துவன் அல்லேன். வாயு சென்சார்களைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை செய்பவன்.

அடிப்படைக் கருத்தில் பிழையில்லை. வெளிவிடும் மூச்சில் சுமார் 250 சேர்மங்கள் இருப்பதை வேதியியலாளர் லைனஸ் பாலிங்கின் குழு 1971-லேயே காட்டியது. செல்களின் வளர்சிதை மாற்றம் மாறினால் இவற்றின் அளவும் மாறும் என்பதால், மைக்கேல் ஃபிலிப்ஸ் குழுவினர் 1999-ல் 22 சேர்மங்களின் சேர்க்கையை நுரையீரல் புற்றுநோயின் அடையாளமாக முன்வைத்தனர். கையடக்கக் கருவி என்ற ஆசைக்கு உயிர் கொடுத்தது இஸ்ரேலின் டெக்னியான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹொசாம் ஹைக் குழு 2009-ல் வெளியிட்ட ஆய்வு. கரிமப் பூச்சு கொண்ட தங்க நானோ துகள்களை மெல்லிய படலமாகப் பரப்பி, அதன்மேல் மூச்சைச் செலுத்துவார்கள். பூச்சில் ஆவி மூலக்கூறுகள் புகுந்ததும் துகள்களுக்கிடையிலான தொலைவு மாறி, மின்தடையும் மாறும். வெவ்வேறு பூச்சுள்ள பல சென்சார்கள் சேர்ந்து தரும் கோலத்தைக் கணினி படித்து, நோயா இல்லையா என்று பிரிக்கும்.

சிக்கல் சென்சாரின் கூர்மையில் இல்லை; அது எதையெல்லாம் முகர்கிறது என்பதில்தான் இருக்கிறது. தேட வேண்டிய பொருள் பெரும்பாலும் நூறு கோடியில் சில பங்கு என்ற அளவிலேயே மூச்சில் இருக்கும். உடன்வரும் நீராவியோ பன்மடங்கு. எங்கள் ஆய்வகத்தில் மேசையில் யாராவது சானிடைசரைக் கையில் தேய்த்தால் போதும், திரையில் கோடு செங்குத்தாக ஏறிவிடும். மூலையில் ஒருவர் ஆரஞ்சை உரித்தாலும் அப்படித்தான். நோயாளியின் மூச்சை ஸ்பிரிட் வாடை வீசும் மருத்துவமனையிலும், ஆரோக்கியமானவரின் மூச்சைக் கல்லூரி அறையிலும் சேகரித்தால், கணினி கற்றுக்கொள்வது நோயையா, அறையையா? புகைப்பவர் மூச்சில் பென்சீன், டொலுவீன் போன்றவை எப்படியும் இருக்கும். ஏற்கெனவே நோய் உறுதியானவர்களையும் நலமானவர்களையும் ஒப்பிட்டு வந்த உயர்ந்த துல்லிய எண்களை, அறிகுறியே இல்லாத ஒருவருக்குப் பொருத்துவது நியாயமன்று.

அந்த எண்ணையே ஏற்றுக்கொண்டாலும் கணக்கு உதைக்கிறது. அதிகம் புகைக்கும் ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கு நோய் இருப்பதாகவும், கருவி நோயுள்ளவர்களில் 90 விழுக்காட்டினரையும் நோயற்றவர்களில் 90 விழுக்காட்டினரையும் சரியாகச் சொல்வதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். நோயுள்ள ஒன்பது பேருக்குச் சிவப்பு விளக்கு எரியும்; நோயற்ற 99 பேருக்கும் எரியும். ஒருவருக்குப் பச்சை விளக்கு எரிந்து, அவர் நோயோடு நிம்மதியாக வீடு திரும்புவார். எனக்கு அதிக அச்சம் தருவது அந்த ஒருவர்தான்.

மூச்சுப் பரிசோதனையே பயனற்றது என்று சொல்லவரவில்லை. போக்குவரத்துக் காவலர் ஊதச் சொல்லும் கருவியும், ஆஸ்துமாவில் நைட்ரிக் ஆக்சைடை அளக்கும் கருவியும், வயிற்றுப்புண் கிருமியைக் கண்டறியும் யூரியா பரிசோதனையும் நன்றாகவே செயல்படுகின்றன, ஏனெனில் அவை தேடுவது ஒரே ஒரு பொருளை. யூரியா பரிசோதனையில் கார்பன்-13 என்ற சற்றுக் கனமான கார்பனை அடையாளமாக இட்ட யூரியாவை நாமே விழுங்கத் தருகிறோம். கிருமி அதை உடைத்தால் அடையாளமிட்ட கார்பன் டை ஆக்சைடு மூச்சில் வரும். கேம்பிரிட்ஜின் ஓல்ஸ்டோன் மெடிக்கல் நிறுவனம் இதே வழியை நுரையீரல் புற்றுநோய்க்கு முயல்கிறது: கட்டியைச் சூழ்ந்த பகுதியில் மிகுந்திருக்கும் ஒரு நொதி, உடலுக்குள் செலுத்தப்பட்ட பொருளை உடைத்து, டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) ஏற்றிய எத்தனால் என்ற ஆல்கஹாலை வெளிவிடும். அது சாராயத்திலும் வராது, சானிடைசரிலும் வராது. என் பார்வையில் இத்துறையில் இப்போது நம்பிக்கைக்குரிய திசை இதுதான். ஆனால் அந்த எத்தனாலைச் சாதாரண எத்தனாலிலிருந்து பிரித்தறிய மூலக்கூறுகளை நிறையைக் கொண்டு பிரித்தறியும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் போன்ற கருவி வேண்டும். சட்டைப் பையில் வைக்கும் சென்சாரால் ஆகிற காரியமன்று.

தங்கள் தந்தைக்கு இன்று செய்யக்கூடியது, குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் பற்றி நுரையீரல் மருத்துவரிடம் பேசுவது. அதிகம் புகைத்தவர்களிடம் அமெரிக்காவில் நடந்து 2011-ல் வெளியான பெரிய ஆய்வில், மார்பு எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட இந்த ஸ்கேன் எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 விழுக்காடு குறைந்தது. அதிலும் பொய்யான எச்சரிக்கைகள் ஏராளம், ஆனால் கண்ணால் பார்த்து அளந்து தொடரக்கூடிய ஒரு புள்ளியாவது படத்தில் இருக்கும். நாளொன்றுக்கு ஒரு பாக்கெட் வீதம் இருபது ஆண்டுகள் புகைத்த, 50 முதல் 80 வயதுக்குட்பட்டவர்கள் ஆண்டுதோறும் எடுக்க வேண்டும் என்று அமெரிக்கப் பரிந்துரை கூறுகிறது; தங்கள் தந்தை அதற்குள் வருகிறார். இருமல் மூன்று வாரங்களைத் தாண்டினாலோ, சளியில் இரத்தம் கலந்தாலோ, அது நோயைக் கண்டறிய வேண்டிய நிலை. ஆண்டுப் பரிசோதனைக்காகக் காத்திராதீர்கள். எக்ஸ்ரே நிழலை மட்டும் பார்த்து, காசநோய் என்று கருதி மாத்திரை தொடங்கி, நிழல் குறையாமல் இருந்தால், சி.டி.யும் தேவைப்பட்டால் திசுப் பரிசோதனையும் செய்யும்படி நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.