சென்ட்ரல் பார்க்கில் ஆபத்து என்றால், இருக்கும் இடத்தை எப்படிச் சொல்வது?

விளக்குக் கம்பத்தைப் பாருங்கள். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் 843 ஏக்கர். உள்ளே வளைந்து வளைந்து போகும் பாதைகளில் கதவு எண் ஏது? யாராவது மயங்கி விழுந்து 911-ஐ அழைத்தால், "எங்கே இருக்கிறீர்கள்?" என்ற முதல் கேள்விக்கே திணறிப்போவோம்.

அதற்குத்தான் கம்பத்தில் உள்ள நான்கு இலக்க எண். முதல் இரண்டு இலக்கம் அருகிலுள்ள தெரு. கடைசி இலக்கம் இரட்டைப்படை என்றால் பூங்காவின் கிழக்குப் பக்கம், ஒற்றைப்படை என்றால் மேற்கு. 7202 என்றால் 72-ஆம் தெரு, கிழக்கு. நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கல்லைப் பார்த்து 108-க்குச் சொல்வோமே, அதே மாதிரி. போனில் மேப் திறக்காத நேரத்திலும் இது கைகொடுக்கும் என்பதால், உள்ளே நுழைந்ததுமே குழந்தைகளுக்கும் காட்டிவிடுங்கள்.

பலர் நினைப்பதுபோல இது பராமரிப்பு ஊழியர்களுக்கான வெறும் வரிசை எண் அல்ல.