வாசகர் கேள்வி: இரும்புச் சிட்டம்

கேள்வி: பழைய உலை இருந்த மேட்டில் கறுப்புச் சிட்டக் கட்டிகள் (இரும்பு வேலையில் உருகி உறைந்த கழிவு) கிடைத்துள்ளன. தாதுவை உருக்கியபோது வந்தவையா, கொல்லுப் பட்டறையில் விழுந்தவையா என்று எப்படிப் பிரித்தறிவது?

பதில்: மெழுகு வழிந்து உறைந்ததுபோல் மேற்புறம் மடிப்பு மடிப்பாக இருந்தால் அது தாது உலையிலிருந்து வடித்துவிட்ட சிட்டம். அடி குவிந்து மேல் தட்டையாக, உள்ளங்கை அளவில் இருந்தால் பட்டறை உலையின் அடியில் உறைந்ததாக இருக்கலாம். சிறிய உருக்கு உலையிலும் இதே வடிவம் வரும் என்பதால், கட்டியை மட்டும் நம்பாதீர்கள்.

சுற்றியுள்ள மண்ணில்தான் விடை இருக்கிறது. கட்டியைக் கழுவும் முன்பே அந்த மண்ணை அள்ளி உலர்த்துங்கள். காந்தத்தை நெகிழிப் பைக்குள் போட்டு மண்மேல் ஓட்டுங்கள். பிறகு ஒரு தாளின்மேல் காந்தத்தை வெளியே எடுத்தால் ஒட்டியதெல்லாம் உதிரும். சுட்ட மண்ணும் ஒட்டும் என்பதால் பத்து மடங்கு உருப்பெருக்கியில் பாருங்கள். மீன் செதில்போல மெல்லிய, சாம்பல் கறுப்பில் மின்னும் துணுக்குகளும் கடுகைவிடச் சிறிய உருண்டைகளும் நிறைய இருந்தால், அங்கே காய்ச்சிய இரும்பைச் சம்மட்டியால் அடித்திருக்கிறார்கள்.

கேள்வி: சிட்டத்தைத் தூளாக்கிச் சூடேற்றியபின் எடை கூடியதாக ஆய்வக அறிக்கை சொல்கிறது. தவறா?

பதில்: தவறில்லை. சிட்டத்தில் உள்ள ஃபெரஸ் ஆக்சைடு காற்றிலிருந்து ஆக்சிஜனை ஏற்று ஃபெரிக் ஆக்சைடாகிறது. தூய ஃபெரஸ் ஆக்சைடு 100 கிராம் முழுதும் மாறினால் 111 கிராம் ஆகும். ஈரமும் கரித்துண்டும் வெளியேறி எடையைக் குறைப்பதால், அறிக்கையில் வருவது இரண்டும் கழிந்த கணக்கு.

ஒரு எச்சரிக்கை. ஆய்வகத்தில் தூளை உருக்கிக் கண்ணாடியாக்க உதவும் லித்தியம் போரேட் என்ற உப்புடன் சேர்த்து, பிளாட்டினப் புடக்குகையில் (உருக்கும் கிண்ணத்தில்) உருக்குவார்கள்; தூளில் உலோக இரும்பு இருந்தால் அது பிளாட்டினத்தோடு கலந்து கிண்ணத்தை ஓட்டையாக்கிவிடும், ஆய்வகத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கட்டி முழுவதையும் தூளாக்கவும் விடாதீர்கள். பாதியை வெட்டி மெருகேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், சாம்பல் நிறப் பட்டைகளாக ஃபயலைட்டும் (இரும்பும் சிலிக்காவும் சேர்ந்த கனிமம்) அதனிடையே பெரணி இலைபோல் கிளைத்த வெளிர்நிற வுஸ்டைட்டும் (ஃபெரஸ் ஆக்சைடு கனிமம்) தெரியும். ஃபயலைட் உருகுவது 1205 பாகை செல்சியஸில், தூய இரும்பு 1538-இல். அதனால்தான் சிட்டம் வழிந்தோடியது, இரும்பு உருகாமல் பஞ்சுக் கட்டியாக உலையிலேயே தங்கியது.

கேள்வி: துருப்பிடித்த கத்தி எஃகா என்று கையடக்க எக்ஸ்ரே கருவி காட்டுமா?

பதில்: காட்டாது. இரும்பை எஃகாக்குவது அதில் கலந்த கரிமம்; அதை அந்தக் கருவியால் அளக்க முடியாது. அது படிப்பதும் மேலே உள்ள துருவையும் மண்ணையும்தான். சிறு துண்டு வெட்டி, பிசினில் பதித்து, 1 மைக்ரான் வைரப் பசைவரை தேய்த்து, 2 சதவீத நைட்டாலில் (எத்தனாலில் கலந்த நைட்ரிக் அமிலம்) 5 முதல் 10 விநாடி காட்டி, நுண்ணோக்கியில் பாருங்கள். வெண்மையாக நிற்பது ஃபெரைட் (ஏறக்குறைய கரிமமில்லாத இரும்பு), கறுப்பது பியர்லைட் (ஃபெரைட்டும் இரும்புக் கார்பைடும் அடுக்கடுக்காக அமைந்தது). பரப்பு முழுதும் பியர்லைட் என்றால் கரிமம் சுமார் 0.8 சதவீதம். தண்ணீர் தங்கினால் மெருகேற்றிய முகம் நிமிடங்களில் துருவேறும். எத்தனாலில் அலசி உடனே சூடான காற்றில் உலர்த்துங்கள்.