எச்-1பியில் இருந்துகொண்டு வீட்டு ஒப்பந்தம் கைமாற்றலாமா?

தம்பி, உங்கள் கேள்வி இதுதானே: ஃபிலடெல்பியாவுக்கு எச்-1பி என்ற அமெரிக்க வேலை விசாவில் வந்து சில மாதம் ஆகிறது. ரியல் எஸ்டேட் ஆன்லைன் வகுப்பில் சேர்ந்த நண்பர், "வீட்டுக்காரரிடம் ஒப்பந்தம் போட்டு, அந்த ஒப்பந்தத்தையே இன்னொருவருக்குக் கைமாற்றினால் பதினைந்தாயிரம் டாலர் நிற்கும். கைக்காசு வேண்டாம், லைசென்சும் வேண்டாம்" என்கிறார். இது சட்டப்படி சரியா?

ஃபிலடெல்பியா இருக்கும் பென்சில்வேனியா மாநிலத்தில் லைசென்ஸ் இல்லாமல் கூடாது. உங்கள் விசாவில் எந்த மாநிலத்திலும் கூடாது.

விசா விஷயம் சுருக்கமானது. எச்-1பி, மனுப் போட்ட கம்பெனிக்கு வேலை செய்ய மட்டுமே அனுமதி. பங்கு வாங்குவதும், வீடு வாங்கி வாடகைக்கு விட்டு அதை மேனேஜ்மென்ட் கம்பெனியிடம் ஒப்படைப்பதும் முதலீடு. வீட்டுக்காரர்களைத் தேடிப்பிடித்துப் பேரம் பேசி ஒப்பந்தத்தை விற்பது வேலை. எல்எல்சி என்று சொந்தமாக ஒரு கம்பெனி திறந்தாலும் வேலை பார்ப்பது நீங்கள்தான். மனைவியிடம் எச்-4 ஈஏடி (துணைவருக்கான வேலை அனுமதி) இருந்தால் அவர் செய்யலாம். அவர் பெயரை வைத்துக்கொண்டு நீங்கள் செய்யக் கூடாது.

லைசென்ஸ் வேண்டாம் என்ற பேச்சு வேறு மாநிலத்து வகுப்புகளிலிருந்து வருகிறது. டெக்சாஸில், கையில் இருப்பது ஒப்பந்த உரிமை மட்டுமே, வீடு தன்னுடையதல்ல என்று விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் எழுத்தில் சொல்லிவிட்டால் லைசென்ஸ் இல்லாமல் செய்ய இடமுண்டு. இலினாய்ஸில் 12 மாதத்துக்குள் இரண்டாவது முறை செய்தாலே புரோக்கர் லைசென்ஸ் வேண்டும். பென்சில்வேனியாவில் 2024ஆம் ஆண்டின் 52ஆம் சட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபின், இந்தத் தொழிலுக்கே ரியல் எஸ்டேட் லைசென்ஸ் கட்டாயம். அதற்கு 75 மணி நேர வகுப்பு, தேர்வு, அதன்பின் ஒரு புரோக்கரின் கீழ் சேர வேண்டும். ஃபிலடெல்பியா நகரம் அதற்கு முன்பே இப்படி ஒப்பந்தம் கைமாற்றுபவர்களுக்கு, அதாவது ஹோல்சேலர்களுக்கு, தனியாக ஒரு லைசென்ஸ் வைத்திருக்கிறது. வீட்டுக்காரரிடம் அவருடைய உரிமைகளை விளக்கும் தாளையும் கொடுக்க வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் பிடிபட்டால் முதல் முறை அபராதம், சிறை இரண்டுக்கும் வழியுண்டு. இரண்டாம் முறை அது ஃபெலனி, அதாவது கடுங்குற்றம். விசாவில் இருப்பவருக்கு அந்தச் சொல் என்ன செய்யும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவு கடுமை ஏன் என்பது கணக்கைப் பார்த்தால் புரியும். இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்வது 70 சதவீதக் கணக்கு. பழுது பார்த்தபின் வீடு 2,50,000 டாலர் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 70 சதவீதம் 1,75,000. பழுதுச் செலவு 40,000, தன் பங்கு 15,000 இரண்டையும் கழித்து 1,20,000 என்று வீட்டுக்காரரிடம் சொல்வார்கள். எதிரில் இருப்பவர் பெரும்பாலும் தனியாக இருக்கும் முதியவர், வரி பாக்கி ஏறியவர், அல்லது இறந்துபோன அம்மாவின் பெயரிலேயே பத்திரம் கிடக்கும் பிள்ளைகள். வாங்குவது நீங்கள்தான் என்று நம்பிக் கையெழுத்துப் போடுவார். ஒப்பந்தத்தில் வாங்குபவர் பெயருக்குப் பக்கத்தில் "அண்ட்/ஆர் அசைன்ஸ்" (அவரோ, அவர் கைமாற்றிக் கொடுப்பவரோ) என்று மூன்று சொல் இருக்கும். அதற்குள்தான் இந்த வியாபாரம் முழுவதும் ஒளிந்திருக்கிறது. முன்பணம் பத்து டாலர். இன்ஸ்பெக்‌ஷன் என்ற பெயரில் இரண்டு வாரம் விலகிக்கொள்ளும் வாய்ப்பு வேறு. ஆள் கிடைக்காவிட்டால் கழன்றுகொள்வார்கள். அந்த முதியவருக்குப் போன நாள் போனதுதான். சிலர் ஒப்பந்தத்தின் சுருக்கத்தைக் கவுண்டி அலுவலகத்தில் பதிவு செய்துவிடுவார்கள். அதை நீக்காமல் வேறு யாருக்கும் விற்பது கடினம்.

அதனால்தான் புதிய சட்டம் வீட்டுக்காரருக்கு ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமை கொடுத்தது. கையெழுத்திட்டபின் 30ஆம் நாள் நள்ளிரவு வரை, அல்லது வீடு கைமாறும் வரை, எது முந்தியோ அதுவரை எந்த அபராதமும் இல்லாமல் விலகலாம். இது நியாயமான சட்டம் என்பது என் உறுதியான கருத்து. வீட்டுக்கு வந்து விற்பவர்களுக்கான மத்திய அரசின் மூன்று நாள் ரத்து விதி ரியல் எஸ்டேட்டுக்குப் பொருந்தாது; ஆகவே மாநிலச் சட்டம்தான் இந்த வீட்டுக்காரர்களுக்குத் துணை.

நீங்கள் மறுபக்கத்தில், வாங்குபவராக மாட்டிக்கொள்ளவும் வாய்ப்புண்டு. வாட்ஸாப் குழுக்களில் "ஆஃப் மார்க்கெட் டீல்" என்று சுற்றுவதில் பல இப்படிப்பட்ட ஒப்பந்தங்களே. அனுப்பியவரின் லைசென்ஸை மாநிலத்தின் 'பால்ஸ்' தளத்தில் பாருங்கள். பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று நகரப் பதிவேட்டில் பாருங்கள். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட மூல ஒப்பந்தத்தைக் கேளுங்கள். குளோசிங் தேதி (விற்பனை முடியும் நாள்), கைமாற்ற அனுமதி இரண்டும் அதில் இருக்க வேண்டும். முன்பணத்தை ஸெல் என்ற பணம் அனுப்பும் செயலியில் அனுப்பாதீர்கள், நீங்களே தேர்ந்தெடுத்த டைட்டில் கம்பெனியின் (பத்திர உரிமையைச் சரிபார்க்கும் கம்பெனி) எஸ்க்ரோவில், அதாவது பொதுவில் வைக்கும் கணக்கில் போடுங்கள். தண்ணீர் பாக்கிகூட வீட்டின் மேல் கடனாக ஏறும் ஊர் இது. டைட்டில் இன்சூரன்ஸ் (பத்திர உரிமைச் சிக்கலுக்கான காப்பீடு) இல்லாமல் வாங்காதீர்கள். எஃப்எச்ஏ (மத்திய அரசு காப்பீடு தரும்) வீட்டுக் கடனில் வாங்க நினைத்தால் ஒப்பந்தக் கைமாற்றம் செல்லாது, விற்பவர் பத்திரத்தில் உள்ள உரிமையாளராகவே இருக்க வேண்டும். பத்திர மாற்று வரியில் விற்பவர் பங்கையும் சேர்த்து உங்கள் தலையில் கட்டும் வாசகம் ஒன்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்றும் தேடுங்கள். ஃபிலடெல்பியாவில் நகர, மாநில வரி சேர்ந்து விலையில் 4 சதவீதத்துக்கு மேல் போகிறது. 1,60,000 டாலர் வீட்டுக்கு அதுவே 6,400க்கு மேல்.