இடித்த வீட்டின் கான்கிரீட்டைப் புது வீட்டுக்குப் போடலாமா?

விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். நாற்பது வருட வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறார். இடித்த கான்கிரீட்டை உடைத்தே ஜல்லியாகப் போட்டுக்கொள்ளலாம் என்கிறாராம் மேஸ்திரி. கடைக்காரரோ ஒரு ஃபைபர் பாக்கெட்டைக் காட்டி, இதைக் கலந்தால் கம்பியைக் குறைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறார். தேங்காய் நார் போட்டாலும் அதே பலன் கிடைக்குமா என்றும் கேட்கிறார்.

முதலில் கம்பி. தயவுசெய்து ஒரு கம்பியைக்கூடக் குறைக்காதீர்கள். அந்த பாக்கெட்டில் இருப்பது பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழை, பெரும்பாலும் 12 மி.மீ. நீளம், தலைமுடியைவிட மெல்லியது. கான்கிரீட் போட்ட முதல் சில மணி நேரத்தில், வெயிலும் காற்றும் பட்டு மேல்பரப்பு சட்டென்று காயும்போது விழும் மெல்லிய வெடிப்புகளை அது தடுக்கும், அவ்வளவுதான். தளத்தின் மேல் பாரம் ஏறும்போது அடிப்பக்கம் இழுபடுகிறதே, அந்த இழுவையைத் தாங்குவது கம்பி மட்டும்தான். ஒரு கனமீட்டருக்கு ஒரு கிலோ அளவில் போடும் இழையால் அது முடியாது. இரும்பு இழை வேறு ரகம். கனமீட்டருக்கு 20 முதல் 40 கிலோ வரை போட்டு, தொழிற்சாலைத் தரைகளில் என்ஜினியர் கணக்குப் பார்த்துப் பயன்படுத்துவது. தேங்காய் நார் வேண்டாம். சிமென்ட்டின் காரம் நாரை நாளடைவில் அரித்துவிடும்.

பிளாஸ்டிக் கழிவும் கான்கிரீட்டுக்கு வேண்டாம். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் பிளாஸ்டிக் சாலை போட்டுக் காட்டினாரே என்று பலர் கேட்பார்கள். அது தார்ச் சாலை. சூடான ஜல்லியில் பிளாஸ்டிக் உருகி ஒட்டிக்கொள்ளும், தாரும் அதைப் பிடித்துக்கொள்ளும். சிமென்ட்டுக்கு அந்தப் பிடிப்பு கிடையாது.

சரி, பழைய கான்கிரீட்டுக்கு வருவோம். உடைத்த ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள், கருங்கல்லைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பழைய கலவை ஒட்டியிருக்கும். அதுதான் தண்ணீரைக் குடிக்கும். காய்ந்த ஜல்லி 1 கிலோ எடுத்து, ஒரு நாள் முழுக்க ஊறவைத்து, துணியால் மேல் ஈரத்தைத் துடைத்துவிட்டு எடை போடுங்கள். நல்ல கருங்கல் ஜல்லி 10 கிராம்கூட ஏறாது, இது 50 கிராம் ஏறினாலும் ஆச்சரியமில்லை. இதைக் காய்ந்தபடியே கலவையில் கொட்டினால் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், கலவை இறுகுகிறதே என்று ஆள் இன்னொரு வாளி ஊற்றுவார், பலம் அங்கேயே போய்விடும். எனவே முந்தின நாளே நனைத்துவையுங்கள்.

ஜல்லி, மணலுக்கான இந்தியத் தரக் குறியீடான ஐ.எஸ். 383-இன் 2016 பதிப்பு இதற்கு இடம் கொடுக்கிறது: கம்பி போட்ட கான்கிரீட்டில் எம் 25 வரை (எம் என்பது கான்கிரீட்டின் பலத்தைக் குறிக்கும் தரம்) ஜல்லியில் 20 சதவீதம், கம்பியில்லாததில் 25 சதவீதம், எம் 15-க்குக் குறைந்த கலவையில் முழுக்கவே போடலாம். ஆனால் இது சுத்தமான கான்கிரீட்டிலிருந்து எடுத்து, பிரித்து, சோதித்த ஜல்லிக்கு. செங்கல்லும் பூச்சும் ஜிப்சமும் கலந்த இடிபாட்டுக்கு அல்ல. வீட்டு வாசலில் சுத்தியலால் உடைத்ததை நான் தளத்துக்கும் தூணுக்கும் விடமாட்டேன். அஸ்திவாரத்துக்கு அடியில் போடும் 1:4:8 பி.சி.சி.க்கும் (ஒரு பங்கு சிமென்ட், நான்கு பங்கு மணல், எட்டு பங்கு ஜல்லி சேர்ந்த, கம்பியில்லாத கான்கிரீட்), தரைக்கு அடியிலும் தாராளமாகப் போடுங்கள், ஜல்லிச் செலவு அங்கேயே கணிசமாக மிச்சமாகும்.

தளத்துக்கும் கழிவுப் பொருள்தான் வேண்டும் என்றால் பி.பி.சி. (போர்ட்லேண்ட் பொஸோலானா) சிமென்ட் வாங்குங்கள். அதில் 15 முதல் 35 சதவீதம் அனல்மின் நிலையச் சாம்பல். சிமென்ட் இறுகும்போது வெளிவரும் சுண்ணாம்போடு சேர்ந்து இந்தச் சாம்பல் நுண்துளைகளை அடைக்கும், கம்பி துருப்பிடிப்பதும் தள்ளிப்போகும். ஆனால் ஆரம்பத்தில் மெதுவாகத்தான் பலம் ஏறும், அதனால் தளத்தைத் தாங்கும் சென்டரிங் பலகைகளைப் பிரிக்க அவசரப்படாதீர்கள். குறைந்தது 10 நாள் தண்ணீர் கட்டுங்கள், வெயில் காலமென்றால் 14 நாள்.