வீட்டுக்கு வரும் சமையல்காரர்: முதலில் அடுப்பைக் காட்டுங்கள்

செயலி மூலம் சமையல்காரரை வீட்டுக்கு வரவழைப்பது பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள். ஒரு விருந்தினர் இல்லத்தில் பல வருடம் சமையல் பொறுப்பில் இருந்தவள் என்பதால், மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா, டிசம்பரில் என் வீட்டுக்காரருக்கு எழுபது முடிகிறது. பாரீஸிலிருந்து மகன் குடும்பத்தோடு வருகிறான். வீட்டிலேயே 18 பேருக்கு மதிய விருந்து. “அங்கெல்லாம் ஆப்பில் புக் பண்ணினா செஃப் வீட்டுக்கே வந்து சமைச்சு, பாத்திரமும் கழுவி வச்சிட்டுப் போவார். இங்கயும் பண்ணலாம்மா” என்கிறான். முன்பின் தெரியாத ஆளை அடுப்படிக்குள் விடப் பயமாக இருக்கிறது. நம்பலாமா?
– வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

நம்பலாம் அம்மா, பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தச் சமையல்காரரோடு பத்து நிமிடம் பேச முடிந்தால். பேசவே வழியில்லாத தளம் என்றால் வேண்டாம்.

உங்கள் மகன் சொல்வது உண்மைதான். தேதி, எத்தனை பேர், என்ன வகைச் சாப்பாடு, தலைக்கு எவ்வளவு என்று பதிந்தால் சமையல்காரர்கள் ஆளுக்கொரு மெனு அனுப்புவார்கள். பிடித்ததைத் தேர்ந்தெடுத்துப் பணத்தைத் தளத்திடம் கட்டவேண்டும். தளம் தன் கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியை அவருக்குக் கொடுக்கும். வீடு வாடகைக்குப் பிடித்துத் தந்த ஏர்பிஎன்பிகூட 2025 மே மாதத்திலிருந்து சமையல்காரர்களையும் சேர்த்துக்கொண்டது.

இங்கே இரண்டு விதம் நடக்கிறது. ஒன்றில் சமையல் கூலி மட்டும். சாமான் லிஸ்ட் வரும், வாங்கிவைப்பது நீங்கள். மற்றதில் தலைக்கு இவ்வளவு என்று மொத்தமும் அவர் பொறுப்பு. நம் ஊர்க் கல்யாணங்களில் காலம்காலமாக இருக்கும் இரண்டு கான்ட்ராக்டும் இவைதான். உங்களுடையது எது என்பதைச் செயலியின் செய்திப் பெட்டியிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள். பரிமாறுவது, பாத்திரம் கழுவுவது, இறால் தோலையும் மீன் கழிவையும் அப்புறப்படுத்துவது யார் என்பதையும் அதிலேயே கேளுங்கள்.

அந்தப் பத்து நிமிடத்தில் முதல் வேலை அடுப்படியைக் காட்டுவது. வீடியோவில் அடுப்பு, பாத்திரக் கழுவுத் தொட்டி, ஃபிரிட்ஜ், பெரிய பாத்திரங்கள் எல்லாவற்றையும் காட்டுங்கள். 18 பேருக்குச் சோறு என்றால் இரண்டேகால், இரண்டரைக் கிலோ அரிசி. வீட்டில் இருக்கும் ஐந்து லிட்டர் குக்கரில் ஒரு தடவைக்கு ஒரு கிலோவே அதிகம். மூன்று தடவை வைத்து, ஒவ்வொரு தடவையும் ஆவி அடங்கக் காத்திருந்தால் ஒரு பர்னர் ஒரு மணி நேரத்துக்கு மேல் சோற்றுக்கே போய்விடும். மிச்சம் ஒரு பர்னரில் குழம்பு, ரசம், இறால் தொக்கு, பொரியல், வறுவல் என்று அவர் எதைச் செய்வார்? அனுபவசாலியானால் இதை அவரே கேட்பார். “நான் ஒரு கேஸ் அடுப்பும் அண்டாவும் கொண்டு வரேன்”, அல்லது “வறுவல குறைச்சுக்கலாம்” என்பார். அடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் பன்னிரண்டு அயிட்டம் மெனு அனுப்புகிறவருக்கு எத்தனை ஸ்டார் இருந்தாலும் நான் முன்பணம் கட்டமாட்டேன்.

இரண்டாவதாக, உங்கள் வீட்டுச் சாப்பாட்டில் ஒன்றை எடுத்து எப்படிச் செய்வார் என்று கேளுங்கள். மீன்குழம்புக்கு வடகத்தை எப்போது போடுவீர்கள் என்று நான் கேட்பேன். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம் எல்லாம் விளக்கெண்ணெய் சேர்த்துப் பிசைந்து, உருண்டை பிடித்து, வெயிலில் நாள்கணக்காகக் காயவைத்த சாமான் அது. சூடான நல்லெண்ணெயில் உதிர்த்துப் போட்டு, கறுகிக் கசப்பதற்கு முன்னால் தீயைக் குறைக்கவேண்டும். கையில் பழக்கம் இருப்பவர் இதை யோசிக்காமல் சொல்லிவிடுவார். தெரியாதவர் “போட்டுக்கலாம்மா, உங்களுக்கு எப்படி வேணுமோ அப்படி” என்பார்.

பேரப்பிள்ளைகளுக்காகப் பிரெஞ்சுச் சாப்பாடும் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். மீனுக்குத் தொட்டுக்கொள்ள மயோனைஸ் வைத்தால், பச்சை முட்டையில் அடித்தது வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு அதற்குத் தடையே போட்டது. புதுச்சேரி எல்லையான முள்ளோடைக்கு இந்தப் பக்கம் அந்த உத்தரவு வராது. ஆனால் சால்மோனெல்லாக் கிருமிக்கு எல்லை கிடையாது, அன்று பந்தியில் எழுபது வயதுக்காரர் உட்கார்ந்திருக்கிறார்.

பயம் என்றீர்களே, ஆளின் அடையாள ஆவணத்தைச் சரிபார்த்தார்களா என்று தளத்திடம் கேளுங்கள். தானே சாமான் வாங்கிச் சமைத்துத் தருகிறவர் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண்ணையும் கேளுங்கள். ரத்துக் கட்டணத்தையும் படித்துவிடுங்கள். காரணம் எதுவானாலும் தளம் தானாக ரத்து செய்தால் அதே மாதிரிக் கட்டணத்தைத் தானும் ஏற்கவேண்டும். அப்படி ஏற்காத தளம் உங்களிடம் மட்டும் ரத்துக் கட்டணம் பிடிக்கக்கூடாது. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளிலேயே இது இருக்கிறது.

மே மாதம் வளைகாப்புக்கு ஒரு செயலியில் மாஸ்டரை அழைத்தோம். வஞ்சிரம் என்று பில் போட்டார்கள், தட்டில் வந்தது பாறை மீன் மாதிரி இருந்தது. சாமான் செலவும் பேசியதைவிட அதிகம். செயலியில் புகார் போட்டால் மன்னிப்புக் கேட்டு ஒரு கூப்பன் அனுப்பினார்கள். விடுவதா, தொடர்வதா?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

தொடருங்கள். கூப்பன் உங்கள் பணத்துக்கு ஈடு ஆகாது. தளம் தன் குறைதீர்ப்பு அதிகாரியின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட்டே ஆகவேண்டும். அந்த அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தரவேண்டும். இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் கடலூரில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையம். செயலியின் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணமில்லை. பில், செயலியில் பேசிய செய்திகள், தட்டின் போட்டோ இருந்தால் அழிக்காமல் வையுங்கள்.

இனிமேலுக்கு ஒன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், நம் கரையில் விசைப்படகு கடலுக்குப் போகாது. தேவனாம்பட்டினத்தில் அப்போது வருவது நாட்டுப்படகு மீன்தான். பெரிய வஞ்சிரம் என்றால் பெரும்பாலும் மேற்குக் கரையிலிருந்து ஐஸில் வந்ததாக இருக்கும். ஜூன் பிறந்தால் அங்கேயும் தடை. அந்த மாதங்களில் யாராவது “ஃப்ரெஷ் வஞ்சிரம்” என்று மெனுவில் எழுதினால் எங்கிருந்து என்று கேளுங்கள். பாறைக்கு வால்பக்கம் பக்கவாட்டில் கெட்டியான முள்செதில் வரிசை இருக்கும், வஞ்சிரத்துக்கு வழவழவென்று இருக்கும். வெட்டிய பிறகு இதையெல்லாம் பார்க்க முடியாது. வெட்டும் முன் முழு மீனை ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்கள், அல்லது மீனை மட்டும் நீங்களே வாங்கிக் கொடுங்கள். நான் இரண்டாவதைத்தான் செய்வேன்.

கல்யாணச் சமையலில் கறி மாஸ்டராக இருக்கிறேன். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் கை காய்ந்துவிடுகிறது. ஒரு செயலியில் சேரச் சொல்கிறார்கள். சேரலாமா அக்கா?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

சேருங்கள் தம்பி. ஆனால் கையெழுத்துப் போடுமுன் கணக்குப் பாருங்கள். கமிஷன் கூலியில் மட்டும் பிடிப்பார்களா, சாமான் பணத்தையும் சேர்த்த மொத்தத்திலா? மொத்தத்தில் பிடித்தால் மீன் விலை ஏறும்போது உங்கள் கூலிதான் தேயும். பஸ் செலவு, கழுவும் நேரம், வீடு திரும்பும் நேரம் எல்லாவற்றையும் விலையில் சேருங்கள். கல்யாணத்தில் நறுக்க நாலு பேர் இருப்பார்கள். இங்கே நறுக்குவதிலிருந்து துடைப்பது வரை நீங்கள் ஒருவர்தான். ஐந்நூறு பேருக்கு உப்புப் போட்ட கை எட்டுப் பேருக்குப் போடும்போது தடுமாறும். வீட்டில் சின்ன அளவில் செய்து பழகிவிட்டு, இரண்டு பர்னரில் முடிகிற அயிட்டங்களை மட்டும் மெனுவில் போடுங்கள்.

ஆதாரை வைத்து, அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் இ-ஷ்ரம் தளத்திலும் பதிந்துவிடுங்கள். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, செயலி நிறுவனங்கள் தங்கள் ஆண்டு வரவில் 1 முதல் 2 சதவீதம் உங்களைப் போன்றவர்களின் நலநிதிக்குக் கட்டவேண்டும். பதிவில் பெயர் இல்லாதவருக்கு அதிலிருந்து எதுவும் வந்து சேராது.

ஒருமுறை செயலியில் வந்தவரை அடுத்த முறை நேராக அழைத்தால் இரண்டு பேருக்கும் லாபம்தானே?
– வாசகி, முதலியார்பேட்டை

கமிஷன் மிச்சம், உண்மை. ஆனால் பல தளங்கள் இதைத் தடை செய்திருக்கின்றன. தெரிந்தால் அவர் பெயரைத் தூக்கிவிடுவார்கள். உங்களுக்கு மிச்சமாவது சில நூறு ரூபாய், அவருக்குப் போவது மாதவரவு. நீங்களாகக் கேட்டு அவரைத் தர்மசங்கடத்தில் விடாதீர்கள். வாடிக்கையாளர் வீட்டில் நின்றுகொண்டு ‘மாட்டேன்’ என்று சொல்வது அவருக்குச் சுலபமில்லை. தளத்தை விட்டுவிட்டேன் என்று அவரே எண் கொடுத்தால் தாராளமாக அழையுங்கள். அப்போது மிச்சமாகும் கமிஷனில் பாதியாவது அவர் கூலியில் சேரட்டும்.

சமைக்க வந்தவருக்குச் சாப்பாடு போடவேண்டுமா? செயலியில் ஒன்றும் சொல்லவில்லை.
– வாசகர், நெல்லிக்குப்பம்

போடவேண்டும். 18 பேருக்கு விருந்தென்றால் அவரையும் உதவியாளையும் சேர்த்து 20 என்று சாமான் வாங்குங்கள். கடைசிப் பந்தி முடியும்வரை காக்கவைக்காமல், பரிமாற ஆரம்பிக்கும் முன்பே அவர்கள் பங்கைத் தனியாக எடுத்து மூடிவையுங்கள்.